தொலைநிலைக் கல்வியில் டிசைன் படிப்பவர்களுக்கு: ஒரு புராஜெக்ட்டைத் தொடங்கி முடிப்பது எப்படி

டிசைன் கல்லூரிகளில் ஸ்டுடியோ என்று ஒரு கூடம் இருக்கும். மேஜையைக் கடந்து போகிற சக மாணவர் நின்று பார்த்து, "இந்தக் கைப்பிடி ஏன் இவ்வளவு மேலே இருக்கு?" என்று கேட்பார். படிப்பில் பாதி அந்த இடத்தில்தான் நடக்கிறது. வீட்டிலிருந்து படிப்பவருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. எனவே அரைகுறையாக இருக்கும் வேலையை அந்த நிலையிலேயே பிறர் கண்ணில் படும்படி வைக்கும் பழக்கம்தான் முதலில் வேண்டும். மென்பொருளும் வரையும் திறமையும் அதன் பின்னால் வரட்டும்.

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 1970களிலிருந்தே டிசைனைத் தொலைவிலிருந்து கற்பித்துவருகிறது. ஸ்டுடியோவுக்கு ஈடாக, மாணவர்கள் தங்கள் படங்களை ஏற்றி ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லும் இணையக்கூடத்தையும் பிற்காலத்தில் அமைத்துக்கொண்டது. நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்: மாணவர்கள் வேலையைப் பகிரும் இடம் இருக்கிறதா? ஒரு பாடத்துக்கு எத்தனை அசைன்மென்ட், அவற்றுக்கு எழுத்தில் கருத்து வருமா, அடுத்த அசைன்மென்ட்டுக்கு முன்பே வருமா? மதிப்பெண்ணில் செயல்முறைக்கு எவ்வளவு, இறுதிப் பொருளுக்கு எவ்வளவு? கட்டடக்கலை மாதிரி உரிமம் தேவைப்படும் தொழில் உங்கள் இலக்கு என்றால், அந்தப் பட்டத்தை உரிமம் வழங்கும் அமைப்பு ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நேரம்

ஒரு பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். பிரிட்டன் முறையில் ஒரு கிரெடிட் என்பது சுமார் 10 மணி நேரப் படிப்பு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் அது 25 முதல் 30 மணி நேரம். 30 பிரிட்டிஷ் கிரெடிட் கொண்ட பாடத்தை 30 வாரத்தில் முடிக்க, வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாசிப்பை அரை மணி, அரை மணியாக நுழைத்துவிடலாம். செய்து பார்க்கும் வேலைக்கு அது ஒத்துவராது. பொருள்களைப் பரப்பி எடுத்து வைக்கவே அரை மணி போய்விடும். வாரத்தில் இரண்டு முறையாவது தொடர்ச்சியாக 2 மணி நேரம் பிடித்துவையுங்கள்.

தலைப்பும் கவனிப்பும்

நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில், வெவ்வேறு வேளைகளில் மூன்று முறையாவது நேரில் கவனிக்கக்கூடிய பிரச்சினையாகத் தேர்ந்தெடுங்கள். "நகரப் போக்குவரத்தை மேம்படுத்துதல்" போன்ற தலைப்புகள் தொலைநிலை மாணவரை மூழ்கடித்துவிடும். "வீட்டிலிருக்கும் முதியவர் மாத்திரை எடுத்துக்கொள்வது" போதும், தாராளமாகப் போதும்.

அதையே கிட்டத்தில் பாருங்கள். முதியவர் மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாளைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். விரலில் வலு இல்லாததால் நகத்தால் கீறுகிறார். மாத்திரை தெறித்துத் தரையில் உருள்கிறது. காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்திலிருந்தே பிரித்ததால், கடைசி மாத்திரைகள் மிஞ்சும்போது தேதி கிழிந்து போயிருக்கிறது. "மாத்திரை எடுப்பதில் சிரமம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார். பழகிப்போன சிரமம் வாயில் வராது, கையில்தான் தெரியும். ஆகவே கேள்விப் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள்; முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு உங்கள் பல்கலைக்கழகம் முன்னனுமதி கேட்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரே வாக்கியம்: யாருக்கு, எப்போது, எது தடையாகிறது? "விரல் வலு குறைந்தவர் ஒரு மாத்திரையை எடுக்கும்போது அது கைநழுவி விழுகிறது." "மாத்திரைப் பெட்டி தேவை" என்று எழுதினால் தீர்வை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள் என்று பொருள்.

யோசனைகள்

ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் 8 கட்டம் வரும். 20 நிமிடத்தில் 8 கட்டத்தையும் பேனாவால் நிரப்புங்கள். பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும். இப்படி 3 தாள், 24 யோசனை. முதலில் வருபவை பெரும்பாலும் ஏற்கெனவே சந்தையில் இருப்பவை. பத்துப் பன்னிரண்டில் கை நின்றுவிடும். அப்போது கேள்வியை மாற்றுங்கள்: ஒற்றைக் கையால் என்றால்? இருட்டில் என்றால்? அட்டையைத் திறக்கவே வேண்டாம் என்றால்? தேறும் யோசனை பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கும். மதிப்பெண் குறைவதற்கு அடிக்கடி காரணமாவது, முதல் யோசனையிலேயே நின்றுகொண்டு மற்ற படங்களைக் கடைசியில் ஒப்புக்கு வரைந்து சேர்ப்பது. மதிப்பிடுபவருக்கு அது பளிச்சென்று தெரியும். அந்தப் படங்களில் ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்த தடம் இருக்காது.

மாதிரி

கணினிக்குப் போகுமுன், தேறிய யோசனையைக் கெட்டி அட்டையில் அசல் அளவிலேயே செய்யுங்கள். தேவையானவை: 2 மி.மீ. அட்டை அல்லது 5 மி.மீ. ஃபோம் போர்டு, இரும்பு ஸ்கேல், கட்டர், வெட்டுவதற்கான மேட், காகித டேப். ஒரே அழுத்தில் வெட்ட முயன்றால் ஓரம் பிசிறடிக்கும், கத்தியும் வழுக்கும். லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள். பிளேடு மழுங்கினால் உடனே மாற்றுங்கள், மழுங்கிய பிளேடை அழுத்தி இழுக்கும்போது வழுக்கிக் கையை வெட்டிவிடும். ஒரு மாதிரிக்கு 2 மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். பளபளப்பாகச் செய்து நீட்டினால் பார்ப்பவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள், உங்களுக்கும் அதை வெட்டி மாற்ற மனம் வராது.

சோதனைக்கு 5 பேர் என்ற கணக்குப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது ஒரே வகைப் பயனர்களை வைத்துச் செய்யும் பயன்பாட்டுச் சோதனைக்கான கணக்கு. முதியவரும் பராமரிப்பவரும் பயன்படுத்தும் பொருள் என்றால் இரு சாராரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மாத்திரைக்குப் பதில் சட்டைப் பொத்தான்களைப் போடுங்கள். எப்படித் திறப்பது என்று வாய் திறந்து சொல்லிவிடாதீர்கள். அவர் தடுமாறும் 10 விநாடிதான் உங்களுக்கு வேண்டியது.

கருத்துக் கேட்பது

"எப்படி இருக்கு?" என்று போட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். ஒரு படம், அது என்ன என்று இரண்டு வரி, ஒரு கேள்வி: "இந்தப் படத்தை மட்டும் பார்த்து, மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிகிறதா?" இப்படி வாரம் ஒருமுறை ஏற்றுங்கள். பதில் வேண்டுமானால் நீங்களும் இரண்டு மூன்று பேருடைய வேலைக்குக் கவனமாகக் கருத்து எழுதுங்கள்.

சமர்ப்பிப்பு

மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். மாதிரியை ஜன்னலோரம் வைத்து, பின்னால் வெள்ளைச் சார்ட்டை வளைத்து நிறுத்தி, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். ஃபோனை ஒட்டிப் பிடித்தால் விளிம்புகள் வளைந்து தெரியும். இரண்டு அடி பின்னால் போய் 2 மடங்கு ஜூம் செய்யுங்கள். ஒரு படத்திலாவது கை தெரியட்டும், அளவு புரியும். ஓவியங்களை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து வையுங்கள், பிடிஎஃப் ஆக்கும்போது 150 போதும். ஒவ்வொரு தாளிலும் வரைந்த அன்றே தேதி போட்டுவிடுங்கள். கெடுவுக்கு முந்தைய நாள் ஒரு சோதனைக் கோப்பை ஏற்றிப் பாருங்கள். அளவு வரம்பைத் தாண்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

திருத்திய பிரதி வந்ததும் மதிப்பெண்ணோடு மூடிவிடாதீர்கள். ஆசிரியர் சொன்னதில் அடுத்த வேலைக்குப் பொருந்தும் இரண்டு மூன்று குறிப்புகளை அடுத்த ஸ்கெட்ச் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வாரம் அதைச் செய்யப்போகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.