வீட்டுப் பிராணி வாங்கும் முன் ஏழு நாள் ஒத்திகை

தென்காசி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் எங்கள் வீடு இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கினோம். ஐந்தாவது மாதத்தில் அதைக் கடையநல்லூரில் உள்ள மைத்துனர் வீட்டில் விட வேண்டியதாயிற்று. குட்டியிடம் ஒரு குறையும் இல்லை. புனலூரில் வேலை பார்க்கும் நானும் மனைவியும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவோம் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. எந்தப் பிராணி பிடிக்கும் என்பதைவிட, எந்தப் பிராணிக்கு நம் வீட்டில் நேரம் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

படி 1: ஒரு கோடு போட்ட நோட்டில், காலை ஐந்து முதல் இரவு பத்து வரை யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஏழு நாள்களுக்கு எழுதுங்கள். கைபேசிச் செயலியைவிட நோட்டையே நான் விரும்புகிறேன். அவரவர் தம் கையால் எழுதும்போதுதான் பொறுப்பும் தெரியவரும். நாய்க்குட்டிக்குப் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போக வேண்டியிருக்கும். நோட்டில் பகல் முழுவதும் வெறுமையாக இருந்தால், குட்டி வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

படி 2: நாங்கள் தவறவிட்ட படி இதுதான். பிராணி வீட்டில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அதே ஏழு நாள்களும் அதற்கான வேலைகளைச் செய்யுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நேரம் நடங்கள். சாரல் விழுந்தாலும் குடை பிடித்துக்கொண்டு நடங்கள். திரும்பியதும் பழைய வேட்டித் துணியால் நான்கு பாதங்களைத் துடைக்க ஆகும் நேரத்தை ஒதுக்குங்கள். மாலையில் மறுபடியும் நடங்கள். தீவனத்துக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் பணத்தை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். குட்டியை அனுப்பிய பிறகுதான் நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். நான்காம் நாள் விடிகாலையில், சாரலைப் பார்த்தபடி இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். நாய் வளர்க்க இது எங்களுக்கு ஏற்ற காலமில்லை என்பது அப்போதுதான் உறுதியானது.

இந்தப் பகுதியில் மழையைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் வருவதால், அடர்ந்த முடியுள்ள நாயின் உடல் முழுவதுமாக உலர்வதே இல்லை. எங்கள் குட்டியின் கால்விரல்களுக்கு இடையில், ஆமணக்கு விதை போல உப்பிய உண்ணிகளை நான் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் தடவவும் கூடாது. உண்ணி பரப்பும் காய்ச்சல் நாயின் உயிரையே பறிக்கக்கூடியது என்பதால், தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முறையாகக் கொடுங்கள்.

படி 3: இப்போது பிராணியைத் தேர்ந்தெடுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை நம் வெயிலுக்குப் பழகிய, குட்டை முடியுள்ள நாய்கள். ஆனால் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை ஆதலால் ஓடுவதற்கு இடமும் பழக்கத் தெரிந்த ஆளும் தேவை. முதல்முறை வளர்ப்பவருக்கு, தனி இனம் எதையும் சேராத சாதாரண நாட்டு நாய்க்குட்டியே நல்லது என்பது என் கருத்து. பகலில் ஆளில்லாத வீட்டுக்குப் பூனை பொருந்தும்; எங்கள் வீட்டில் இப்போது இருப்பதும் ஒரு நாட்டுப் பூனைதான். ஆனால் பூனை இயல்பிலேயே ஊனுண்ணி. தயிர்ச்சோறு மட்டும் போட்டு அதை நலமாக வைத்திருக்க முடியாது. மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரை அதற்கு நஞ்சு. மீன் வளர்ப்பதானால் தொட்டியையும் வடிகட்டியையும் முதலில் வாங்கி, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் விட்டு, பிறகு ஓரிரு கப்பி (guppy) மீன்களில் தொடங்குங்கள்.

படி 4: நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள். நீர் தேங்கும் ஊர்களில் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் அவசியம்.

பின்சேர்க்கை: பச்சைக்கிளி வளர்க்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பறவைதான் வேண்டும் என்றால், கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகளை இணையாக வாங்குங்கள். கூண்டைச் சமையலறையில் மட்டும் தொங்கவிடாதீர்கள். அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை சில நிமிடங்களிலேயே அவற்றைக் கொன்றுவிடும்.