புகார் பட்டனை அழுத்தும் முன்: யூத வெறுப்புப் பதிவுகளோடு மல்லுக்கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பெர்லின் குழுவில் சென்ற மாதம் நான்கு புதியவர்கள் சேர்ந்தார்கள். இணையத்தில் யூதர்கள் மீது கக்கப்படும் வெறுப்பைப் பற்றிப் புகார் செய்வது, பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பது, சட்டம் இயற்றுபவர்களிடம் பேசுவது, இவைதான் எங்கள் வேலை. பல வருஷத்துக்கு முன் நான் செய்த அதே கோமாளித்தனத்தை, இரண்டாம் நாளே அதே உற்சாகத்தோடு அவர்கள் செய்வதைப் பார்த்தேன். திட்டுபவனைத் திருப்பித் திட்டாதீர்கள், சொந்த முகவரியைக் காட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் புகார், பிறகு ஆதாரம்

2019 நவம்பர் 9. 1938இல் யூத ஆலயங்கள் கொளுத்தப்பட்ட இரவின் நினைவாக அன்று ஜெர்மனியில் பலர் தெருவில் மண்டியிட்டு, நடைபாதையில் பதித்த சின்னச் சின்னப் பித்தளைக் கற்களைத் துடைத்து மெருகேற்றுவார்கள். நாஜிகள் இழுத்துச் சென்றவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கும். அப்படி ஒரு கல்லைத் துடைத்த வயதான அம்மையார் ஒருவர், அதன் படத்தைத் தன் பக்கத்தில் போட்டார். அடியில் முகம் தெரியாத ஒரு கணக்கு, நாஜிகள் யூதர்களைக் கொல்லப் பயன்படுத்திய நச்சுவாயுவைக் குறிப்பிட்டு, வேலை பாதியில் நின்றுவிட்டது என்ற பொருளில் எழுதியது. ஒரு மாதத்துக்கு முன்புதான், யூதர்களின் மிகப் புனித நாளான யோம் கிப்பூர் அன்று, ஹாலே நகர யூத ஆலயத்துக்குள் துப்பாக்கியோடு நுழைய முயன்ற ஒருவன், கதவு உடையாததால் வெளியே இரண்டு பேரைக் கொன்று, எல்லாவற்றையும் ட்விட்ச் என்ற வீடியோ தளத்தில் நேரலையும் செய்திருந்தான். அம்மையார் பயந்துபோய் எங்களை அழைத்தார்.

நான் உடனே புகார் பட்டனை அழுத்தினேன். ஆறு மணி நேரத்தில் பதிவு காணாமல் போனது. வாட்ஸ்அப்பில் எனக்குக் கைதட்டல்.

இரண்டு வாரம் கழித்து அவர் போலீஸுக்குப் போக முடிவெடுத்தார். அதிகாரி கேட்டது மூன்றுதான்: பதிவின் லிங்க், கணக்கின் லிங்க், நேரம். என்னிடம் இருந்ததோ அந்த இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். அப்போது நடப்பில் இருந்த ஜெர்மன் இணையச் சட்டப்படி, வெளிப்படையாகச் சட்டவிரோதமான பதிவை 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும். நீக்கியதை ஆதாரத்துக்காக 10 வாரம் வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் நான் அழுத்தியது தளத்தின் சொந்த விதிகளுக்கான பட்டன். சட்டப்படியான படிவம் வேறு இடத்தில் இருந்தது, அதனால் அந்தக் கட்டாயம் என் புகாருக்கு உதவவில்லை. விசாரணை கைவிடப்பட்டது என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அம்மையார் என்னிடம் கோபப்படவே இல்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை.

புதியவர்களில் ஒருவர் போன வாரம் செய்ததும் அச்சு அசலாக இதேதான். எனக்கு வயிறு எரிந்தது. பதிவு நீங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எழுதியவன் நாளைக்கு வேறு பெயரில் வருவான். நம் கையில் இருந்த ஒரே தடயத்தை நாமே அழித்திருப்போம்.

இப்போது எங்கள் வழக்கம் இது. பதிவின் அடியில் இருக்கும் தேதியைத் தட்டினால் அதற்கென்றே உள்ள லிங்க் பெரும்பாலும் கிடைக்கும், அதை நகலெடுக்கிறோம். கணக்கின் பக்கத்தையும் எடுக்கிறோம், பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் அல்லவா? முழுத் திரையும், மேலே முகவரியும், ஓரத்தில் தேதியும் நேரமும் தெரிய ஒரு படம். முன்பின் உரையாடல் ஒரு படம். வேறொருவரும் தன் கணினியில் இதையே செய்கிறார், பின்னால் சாட்சி சொல்ல. ஐந்து நிமிடம் ஆகும். அதன் பிறகு பட்டன். ஜெர்மனியில் தனிநபர் அவமதிப்புக்குப் பொதுவாகப் பாதிக்கப்பட்டவரே 3 மாதத்துக்குள் முறைப்படி வழக்குக் கோர வேண்டும் என்பதால் ஆறப்போடவும் முடியாது.

"இது வெறுப்புப் பேச்சு" என்று மட்டும் எழுதுவது

2024 பிப்ரவரி 17 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் முழுமையாக நடப்பில் இருக்கிறது. மிகப் பெரிய தளங்கள் தவறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். ஆனால் புகாரில் துல்லியமான லிங்கும், ஏன் சட்டவிரோதம் என்ற விளக்கமும் இருந்தால்தான் "எங்களுக்குத் தெரியாது" என்று தளம் தப்பிக்க முடியாமல் போகும். யூதப் பெயரைச் சுற்றி மூன்று அடுக்கு அடைப்புக்குறி போட்டால் அது அடையாளம் காட்டிக் குறிவைப்பது. 88 என்றால் ஆங்கில வரிசையில் எட்டாவது எழுத்தான எச் இரண்டு முறை, அதாவது "ஹைல் ஹிட்லர்" என்ற நாஜி முழக்கம். புகாரைப் பார்ப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

கண்டிப்பதற்காகப் பகிர்வது

எழுதியவனுக்கு இலவச விளம்பரம்.

கூட்டாளிகளை லோகோவுக்காகச் சேர்ப்பது

அறிக்கையின் அடியில் இருபது சின்னங்கள் இருக்கும். ராத்திரி போன் எடுக்க ஒருவர் இருக்க மாட்டார். ஒரு வழக்கறிஞர், ஒரு வரலாற்று ஆசிரியர், டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற ஒரு "நம்பகப் புகாரளிப்பு" அமைப்பு போதும். ஆனால் அந்த அமைப்புக்கு நீக்கும் அதிகாரம் கிடையாது. அதன் புகாருக்கு முன்னுரிமை உண்டு, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்பது

பிரான்ஸில் அவியா சட்டம் வெறுப்புப் பதிவுகளை 24 மணி நேரத்தில் நீக்கச் சொன்னது. பேச்சுரிமையை அளவுமீறிக் கட்டுப்படுத்துகிறது என்று 2020 ஜூன் 18 அன்று அரசியலமைப்பு மன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அதே கோடையில் ஹோலோகாஸ்ட் எனப்படும் நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்கள் வீடியோக்களில் ஃபேஸ்புக்கிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார்கள்: படுகொலை நடக்கவே இல்லை என்று சொல்லும் பதிவுகளை நீக்குங்கள். 2018இல் அதற்கு மறுத்திருந்த மார்க் சக்கர்பெர்க் 2020 அக்டோபரில் விதியை மாற்றினார். எங்கள் மனுக்களில் ஒரு காலத்தில் பதினான்கு கோரிக்கைகள் இருக்கும்.

இஸ்ரேல் அரசின் மீதான விமர்சனத்தையும் மூட்டை கட்டி அனுப்புவது

பல அரசுகள் ஏற்ற சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பின் (ஐ.எச்.ஆர்.ஏ.) 2016ஆம் ஆண்டு யூத வெறுப்பு வரையறையே, வேறு எந்த நாட்டையும் விமர்சிப்பது போன்ற விமர்சனம் யூத வெறுப்பு ஆகாது என்கிறது. ஒரு அரசியல் கருத்தைத் தவறாகப் புகார் செய்தால், உங்கள் அடுத்த பத்து உண்மைப் புகார்களையும் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள். பெர்லினில் இருக்கும் ஒரு யூதரிடம் காஸாவுக்குப் பதில் சொல் என்று மிரட்டுவது வேறு கதை. அதைக் கட்டாயம் அனுப்புங்கள்.

ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக உட்காருவது

வேண்டாம். இரண்டு பேர், இரண்டு மணி நேரம், பிறகு லேப்டாப்பை மூடிவிட வேண்டும்.