பட்டாளத்து மெடலை வாங்கும் முன் அதன் விளிம்பைப் படியுங்கள்

போர்க்காலக் கைத்துப்பாக்கி சேர்க்க ஆசை என்று கேட்கும் தம்பிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இருப்பவர்களே இரண்டுக்கு மேல் வைக்க முடியாது, அதோடு அன்றைய அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்லி ரிவால்வரின் .455, .38 இரண்டுமே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட துளை அளவுகள். தாத்தா டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று அகப்பட்டால் எடுத்துக் குடைந்து பார்க்காமல், பெட்டியை மூடிவிட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.

சரி, துப்பாக்கியைத் தேடுகிறவர்கள் உண்மையில் தேடுவது என்ன? இது யார் கையில் இருந்தது, எந்தப் போருக்குப் போனது என்ற கதையைத்தான். அந்தக் கதை துப்பாக்கியைவிட மெடலில் தெளிவாக இருக்கிறது, லைசென்ஸும் தேவையில்லை. வேலூரில் இருந்துகொண்டு மெடல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. லாங் பஜார் மணிக்கூண்டில் இருக்கிற கல்வெட்டைப் படித்துப் பாருங்கள், இங்கிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறோம்.

முதல் உலகப்போர் மெடலில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் வார் மெடல், வெள்ளி, 36 மில்லிமீட்டர் விட்டம். இன்னொன்று விக்டரி மெடல், வெண்கலம், வானவில் ரிப்பன். இரண்டிலும் முகப்பை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் சேவை எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் சுற்றிப் பொறித்திருக்கும். இரண்டாம் உலகப்போர் மெடல்கள் இங்கிலாந்துக்காரர்களுக்குப் பெயர் இல்லாமலே வந்தன, இந்தியச் சிப்பாய்களுக்கு வந்தவற்றில் பெயர் பொறித்தவை நிறைய உண்டு. பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார் போன்ற ஆறுமுனை நட்சத்திரங்களுக்குப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

பெயரை வைத்து மட்டும் ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினான், முனுசாமி என்ற ஒரே பெயர் நாலு விதமாக வரும், இனிஷியலும் இருக்காது, அப்பா பெயரும் இருக்காது. அதனால் எண்தான் ஆதாரம். எண்ணும் தனியாக உதவாது, முதல் போர்க்காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியாக எண் போட்டது, ஒரே எண் பல பிரிவுகளில் இருக்கும். எண்ணையும் பிரிவையும் சேர்த்துத் தேடுங்கள். எஸ் அண்ட் எம் என்று சுருக்கமாக இருந்தால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படை, அதற்கு முன்னால் 2 என்ற எண் இருந்தால் நம் மெட்ராஸ் சாப்பர்ஸ், இன்று பெங்களூரில் எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) மையமாக இருப்பது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அதன் மையம் நீலகிரியில் வெலிங்டன்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் காசில்லாமல் தேடலாம், சிலருக்கு அப்பா பெயரும் கிராமமும்கூட இருக்கும். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் இறந்தவர்கள் பலர் பாஸ்ரா நினைவகப் பட்டியலில், பர்மாவில் இறந்தவர்கள் பலர் ரங்கூன் நினைவகப் பட்டியலில் இருப்பார்கள். ஊரைத் தேடும்போது இன்றைய வரைபடத்தை மறந்துவிடுங்கள். பழைய ஆவணம் வட ஆற்காடு என்றுதான் சொல்லும், அதில் இன்றைய ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களும் வரும், 1911க்கு முன்னால் பட்டாளத்தில் சேர்ந்தவர் என்றால் சித்தூரும் வரும்.

நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். பல வருடம் முன்னால் ஒரு கடையில் மூன்று மெடல் ஒரே கம்பியில் கோத்து, ஒரே குடும்பத்துடையது என்று சொல்லி விற்றார்கள், ஆசையில் பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் இரண்டு பேருடைய பெயர், மூன்றாவதன் விளிம்பை அரம் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். அன்று மனசு உடைந்துபோனது, பணத்துக்காக இல்லை, அந்த மூன்றாவது ஆள் யாரென்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதிலிருந்து விட்டம் அளக்கும் காலிப்பர் இல்லாமல் போவதில்லை. முதல் போர் மெடலின் விட்டம் 36 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், அல்லது எழுத்து ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் இருந்தால், விலை கேட்காமலே வந்துவிடுவேன்.

குடும்பத்திடம் நேராக வாங்கும்போது மெடலோடு காகிதத்தையும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம், பட்டாளத்து உடையில் எடுத்த போட்டோ, எதுவானாலும். ஒன்றுமே இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள்: யாருடைய மெடல், அவரிடமிருந்து யாருக்கு வந்தது, கொடுப்பவர் அவருக்கு என்ன முறை, எந்த ஊர், இன்றைய தேதி. படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் வயதான பாட்டி இருந்தால் அவரிடம் கேட்காமல் எழுந்து வராதீர்கள், பேரனுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். "மாமா பஸ்ராவுல இருந்து பேரீச்சம்பழம் கொண்டாந்தாரு" என்று ஒருமுறை ஒரு பாட்டி சொன்ன ஒரே வரிதான் எனக்கு ஆள் எங்கே போனார் என்று காட்டியது. கேட்டது கேட்டபடி எழுதுங்கள், ஆவணத்தில் பார்த்ததை வேறு பக்கத்தில் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

நாலு மெடல் சேர்ந்திருந்தால் பிரித்து வாங்காதீர்கள், பிரித்து விற்கவும் விற்காதீர்கள். பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி என்பதால் எத்தனையோ குடும்பத்தில் அதை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டு வெண்கலத்தை வைத்திருக்கிறார்கள், அப்படிக் கிடைத்தால் இருக்கிறதை இருக்கிறபடி வையுங்கள், வேறு ஒருவருடைய வெள்ளி மெடலை வாங்கி ஜோடி சேர்க்காதீர்கள்.

அப்புறம் விபூதி போட்டுத் துலக்குவது, புளி போடுவது, இதெல்லாம் கூடவே கூடாது. குத்துவிளக்குக்குச் சரி, இங்கே ஒவ்வொரு முறையும் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பழைய ரிப்பன் கிழிந்திருந்தாலும் கழற்றி எறியாதீர்கள்.

கொடுக்க மனசில்லாமல், கஷ்டத்துக்காக விற்கிறார்கள் என்று தெரிந்தால் நான் வாங்குவதில்லை. விளிம்பை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, எனக்குக் கிடைத்த விவரங்களைத் தமிழில் எழுதி ஒரு பிரதி அவர்களிடம் கொடுத்துவிட்டு வருவேன். என் பெட்டியில் இருக்கிற மெடல்களைவிட அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவை அதிகம்.