எதில் எவ்வளவு: பெரியவர்கள் கணக்கும் புள்ளியியலும் கற்க ஒரு வழி

"எனக்குக் கணக்கு வராதுங்க, எட்டாவதோட நின்னுட்டேன்." பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி, எந்தக் கரையில் பேச்சுக் கொடுத்தாலும் இப்படிச் சொல்கிறவர் ஒருவராவது இருப்பார். அதே ஆள், ஏலத்தில் நண்டு கிலோ 340 ரூபாய்க்குப் போனால் பன்னிரண்டரைக் கிலோவுக்கு 4,250 என்று பேனா எடுக்காமல் சொல்லிவிடுவார். அவருக்குக் கணக்கு நன்றாகவே வரும். எழுதிய கணக்கைப் பார்த்தால்தான் பயம், அதுவும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய ஞாபகம் சேர்ந்து வருவதால் நோட்டைத் திறந்ததுமே கை நின்றுவிடுகிறது. முப்பதிலோ ஐம்பதிலோ மறுபடி தொடங்க நினைக்கும் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்ததும் இயற்கணிதத்தில் கை வைக்காதீர்கள். பலர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலேயே சோர்ந்துபோவது இதனால்தான். வாய்ப்பாடு 12 வரை, பின்னம், தசமம், விகிதம், சதவீதம். இந்த வரிசையில் போங்கள், சதவீதத்துக்கு வந்ததும் அங்கேயே நன்றாகத் தங்குங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் இதற்குப் போதும். தமிழ்வழிப் புத்தகமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, செல்போனில் இறக்கிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் புத்தகமா என்று கூச்சப்பட வேண்டாம். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்குகள், அவற்றில் விகிதம், சதவீதம், தனிவட்டி என்று வருபவை எல்லாம் இந்த வகுப்புகளில் படித்தவைதான்.

தினமும் அரை மணி நேரம் போதும், ஆனால் பேனாவும் நோட்டும் கட்டாயம். வீடியோவைப் பார்த்துத் தலையாட்டினால் புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் ஒன்றும் நிற்காது. ஒரு கணக்கைப் பார்த்தபின் மூடி வைத்துவிட்டு நீங்களாகவே முதல் வரியிலிருந்து எழுதிப் போடுங்கள். கால்குலேட்டர் தப்பில்லை. அதைத் தொடுவதற்கு முன்னால் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பாம்பன் சாலைப் பாலம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர், பஸ் அதை மூன்று நிமிடத்தில் கடந்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம்? கடிகாரத்தில் மூன்று நிமிடம் என்பது ஒரு மணியில் இருபதில் ஒரு பங்கு, ஆக 2.3-ஐ 20 மடங்காக்கினால் 46. இந்த மாதிரிக் கணக்குகளைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போடலாம்.

இப்போது சதவீதம். கணக்கு தெரிந்தவரும் இங்கேதான் ஏமாறுகிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போடுவது எளிது: 7,350-இல் பத்து சதவீதம் வேண்டுமென்றால் ஓர் இடம் தள்ளிப் புள்ளி வைத்து 735, அதில் பாதி 367.50 ஐந்து சதவீதம், இரண்டையும் கூட்டினால் பதினைந்து சதவீதம், 1,102.50. கஷ்டம் போடுவதில் இல்லை, "எதில்?" என்று கேட்பதில் இருக்கிறது. மீன் 18,400 ரூபாய்க்கு விற்கிறது, டீசல், ஐஸ், சாப்பாடு என்று 6,400 செலவு, மீதி 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு, அதாவது கமிஷன், 5 சதவீதம் என்கிறார் வாங்குகிறவர். மொத்த விற்பனையிலா, செலவு போக மீதியிலா? விற்பனையில் என்றால் 920, மீதியில் என்றால் 600. வித்தியாசம் 320, மாதம் 12 தடவை கடலுக்குப் போனால் 3,840. ஒரே ஒரு கேள்வி கேட்காமல் விட்டதற்கான விலை இது.

விலை ஏற்ற இறக்கத்திலும் இதே கேள்விதான். கிலோ 500-க்குப் போன நண்டு 20 சதவீதம் ஏறினால் 600. மறுவாரம் 20 சதவீதம் இறங்கினால் பழையபடி 500 ஆகாது, 480 ஆகும், ஏனென்றால் ஏறியது 500-இல், இறங்கியது 600-இல்.

அப்புறம் வட்டி. வங்கியில் 9 சதவீதம் என்றால் அது ஆண்டுக்கு. கரையில் "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மூன்று ரூபாய், அதுவும் மாதத்துக்கு, ஆக ஆண்டுக்கு 36 சதவீதம். ஒன்பதையும் மூன்றையும் பக்கத்தில் வைத்தால் மூன்றுதான் சின்னதாகத் தெரியும். தண்டல் இதைவிட மோசம். 10,000 ரூபாய் கடன், 1,500-ஐப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பதினைஞ்சு சதவீதம்தான்" என்று சொல்வார்கள். அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதலில் எதில்? உங்கள் கைக்கு வந்தது 8,500 தான், பத்தாயிரம் இல்லை. 1,500-ஐ 8,500-ஆல் வகுத்தால் 17.6 சதவீதம். அடுத்து, அந்த 8,500-உம் 100 நாளும் உங்களிடம் இருக்கவில்லை, மறுநாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துவருகிறீர்கள், சராசரியாகப் பார்த்தால் அதில் பாதி, 4,250 ரூபாய்தான் உங்களிடம் கடனாக நின்றது. 1,500-ஐ 4,250-ஆல் வகுத்தால் 35 சதவீதம், அதுவும் 100 நாளைக்கு. ஆண்டுக்கு மாற்ற 3.65-ஆல் பெருக்கினால் 129 வருகிறது; பாதி என்று தோராயமாக எடுத்ததால் கொஞ்சம் கூடுதல், துல்லியமாகப் போட்டால் 120 பக்கம் வரும். அவசரத்துக்கு வாங்காமல் இருக்க முடியாத நாட்கள் வரும், எனக்குத் தெரியும். வாங்கும்போது எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்றாவது தெரிந்து வாங்குவோம்.

இவ்வளவும் கைக்கு வந்துவிட்டால் புள்ளியியலுக்குள் போகலாம். இதற்குப் புத்தகத்து எண்கள் வேண்டாம், உங்கள் எண்களே வேண்டும். ஒரு நோட்டில் தேதி, போன நேரம், பிடித்தது, விற்ற விலை, செலவு, கையில் நின்றது என்று கட்டம் போட்டு எழுதிவாருங்கள். கருவாடு போடுகிறவர்கள் பச்சையாக எத்தனை கிலோ, காய்ந்தபின் எத்தனை கிலோ என்று எழுதலாம், பாசி எடுக்கும் அக்காமாருக்கும் இதேதான். பூஜ்ஜியம் வந்த நாளையும் எழுத வேண்டும். வெறுங்கையோடு திரும்பிய நாளை எழுத மனசு வராது, ஆனால் அதை விட்டால் நோட்டில் உள்ள மற்ற எண்ணெல்லாம் பொய் சொல்லும்.

ஒரு வாரம் கையில் நின்றது இப்படி என்று வையுங்கள்: 600, 0, 450, 9,200, 500, 700, 800. ஒருநாள் மட்டும் கணவாய் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கூட்டினால் 12,250, ஏழால் வகுத்தால் சராசரி 1,750. நாளைக்கு 1,750 சம்பாதிக்கிறோம் என்று நினைத்து அதற்குத் தக்கபடி தவணை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் ஆறு நாளும் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. அதே எண்களைச் சிறியதிலிருந்து அடுக்குங்கள்: 0, 450, 500, 600, 700, 800, 9,200. நடுவில் நிற்பது 600. இதற்கு இடைநிலை அளவு என்று பெயர். சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று இதுதான் காட்டும். சராசரியும் பொய் இல்லை, மொத்தம் எவ்வளவு வந்தது, வருஷத்துக்கு எவ்வளவு தேறும் என்று பார்க்க அதுதான் வேண்டும். தினச் செலவையும் தினத் தவணையையும் மட்டும் இடைநிலையை வைத்து முடிவுசெய்யுங்கள்.

சராசரியிலும் "எதில்?" உண்டு. ராமேசுவரத்து விசைப்படகில் வாரம் மூன்று நாள் போகிறவர் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் பார்த்தால், அது நாளைக்கு 2,000 ஆகாது. வாரம் 6,000, ஏழால் வகுத்தால் 857. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு இருக்கிறது, அது ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, அதையும் சேர்த்தால் 857 இன்னும் ஆறில் ஒரு பங்கு குறைந்து 714 பக்கம் வந்து நிற்கும். வீடு சாப்பிடுவது வாரம் ஏழு நாளும் என்பதால் இந்த எண்தான் வீட்டுக் கணக்குக்கு ஆகும்.

மாதிரி எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், எல்லாச் சோறும் ஒரே மாதிரி வெந்திருந்தால். கூடையில் மேலே பெரிய மீனை அடுக்கி வைத்திருந்தால் மேல் மீன் கூடை முழுவதற்கும் பதம் ஆகாது. கையை அடிவரை விட்டு, நடுவிலும் ஓரத்திலும் எடுத்துப் பார்க்க வேண்டும். பேப்பரில் "பத்தில் ஏழு பேர்" என்று எதையாவது படித்தாலும் யாரைக் கேட்டார்கள், எங்கே நின்று கேட்டார்கள் என்று பாருங்கள். மேல் கூடையை மட்டும் கேட்டிருக்கலாம்.

நிகழ்தகவுக்குச் செல்போன் வானிலையே நல்ல பாடம். மழைக்கு 40 சதவீத வாய்ப்பு என்றால் இதே மாதிரியான பத்து நாளில் ஏறத்தாழ நான்கு நாள் பெய்யும் என்று அர்த்தம். பெய்யாவிட்டால் "பொய் சொல்லிட்டான்" என்று சொல்ல முடியாது. 40 என்று சொன்ன நாட்களை மட்டும் தனியாகக் குறித்துவந்து, எத்தனை நாள் பெய்தது என்று ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். கடலுக்குப் போக மீன்வளத் துறை அனுமதி டோக்கன் தராத நாளில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், கரையிலேயே இருங்கள்.

இதெல்லாம் பழகியபின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் என்ற இயலைத் திறக்கலாம். அதில் வரும் திட்ட விலக்கம், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்வது. இரண்டு பேருடைய ஐந்து நாள் வருமானத்தை எடுங்கள். ஒருவருக்கு 500, 550, 600, 650, 700. இன்னொருவருக்கு 0, 100, 300, 600, 2,000. இருவருக்கும் சராசரி 600 தான், ஆனால் இரண்டாமவர் வீட்டில் கடன் வாங்காமல் வாரம் ஓடாது. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 600-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, ஐந்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். முதலாமவருக்குச் சுமார் 71, இரண்டாமவருக்குச் சுமார் 729 வர வேண்டும். வரவில்லை என்றால் 1,400-ஐ வர்க்கப்படுத்திய இடத்தில் எத்தனை பூஜ்ஜியம் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஒன்று விடுபட்டிருக்கும்.