பிக்கப் தொட்டிக்கு மூடியும் ஸ்போர்ட்ஸ் பாரும்: டெல்டா மழைக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும்படி

வி-க்ராஸ், ஹைலக்ஸ் மாதிரி டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) பிக்கப் வண்டிக்குத் தொட்டியை மூடும் சுருட்டு மூடியும், கேபினுக்குப் பின்னால் தொட்டி மேல் நிற்கும் குழாய் வளைவான ஸ்போர்ட்ஸ் பாரும் சேர்த்துப் போடுவதாக இருந்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவருமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பாரின் கால் நிற்கும் அதே தொட்டி விளிம்பில்தான் மூடியின் ரயிலும் (மூடி ஓடும் பக்கச் சட்டம்) உட்கார வேண்டும். ஒத்துவராவிட்டால் கேபின் பக்கம் சந்து விழும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.

துளை போட வேண்டிய கிட் என்றால் 3, 6, 9 மி.மீ. ட்ரில் பிட், 8 மி.மீ. எவர்சில்வர் போல்ட், அகல வாஷர், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது, அதிர்வில் கழலாது), வட்ட அரம், ஜிங்க் ப்ரைமர், ரப்பர் பட்டை, நியூட்ரல் சிலிகான், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பானர்) வேண்டும். புளித்த வாடை அடிக்கும் சிலிகானைத் தொடவே தொடாதீர்கள். அதில் கிளம்பும் அமிலம் தகட்டை அரிக்கும்.

விளிம்பைக் கழுவித் துடைத்து மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இரண்டு பேராகப் பாரைத் தூக்கி வைத்து, கேபினிலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். கேபினும் தொட்டியும் சேசிஸ் மேல் தனித்தனியாக அசைபவை. வயல் ரோட்டுப் பள்ளத்தில் பார் கேபினில் உரசினால் பெயிண்ட் போகும். அதே காரணத்தால் பாரைக் கேபினோடு சேர்த்து முடுக்கவும் கூடாது.

அடுத்து இரண்டு ரயில்களையும் கிளாம்ப் போட்டு நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூடி கோணலாகச் சுருளும்.

அவசரம் ஆகாத இடம் துளை போடுவதுதான். அடியில் பின் லைட் ஒயரோ டீசல் குழாயோ போகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். 3-இல் தொடங்கி 9 வரை படிப்படியாகப் பெரிதாக்குங்கள். இரும்புத் தூளை உடனே கூட்டி எடுக்க வேண்டும். ஓர் இரவுப் பனி போதும், பெயிண்ட் மேல் புள்ளி புள்ளியாகத் துரு படியும். பிசிரை அரத்தால் ராவி, ப்ரைமர் இரண்டு பூச்சு, காய்ந்தபின் பெயிண்ட். நாகை, வேளாங்கண்ணி பக்கம் ஓடும் வண்டிக்கு இதில் ஒன்றைக்கூட விடாதீர்கள். அலுமினிய ரயில் இரும்பை நேராகத் தொட்டாலும் உப்பு ஈரத்தில் அரிப்பு வரும். நடுவில் ரப்பர் பட்டை கட்டாயம்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். மூடியை ஒருமுறை முழுதாக இழுத்துப் பூட்டி, நேராக உட்கார்ந்தால் பாரின் கால், பிறகு ரயில் என்று டார்க் ரெஞ்சால் இறுக்கலாம். கிட் தாளில் அளவு இல்லாவிட்டால் 20 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதீர்கள்; மெல்லிய தகடு குழிந்துவிடும். 500 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

பாரில் பிரேக் லைட் இருந்தால், ஒயரைத் தொடும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியில் முன்பக்கத்திலிருந்து ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். வடிகால் குழாய் உள்ள மூடி என்றால், அறுவடை ஓட்டம் முடிந்ததும் குழாயில் கம்பி விட்டுக் குத்துங்கள்; பதரும் வைக்கோல் தூசும் அதில்தான் அடைக்கும்.

வண்டியில் செய்யும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்ஸ் பார் அழகுக்கானது. வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்காது. அதைப் பிடித்துக்கொண்டு தொட்டியில் யாரையும் நிற்க விடாதீர்கள். நெல் மூட்டைக் கயிற்றையும் அதில் கட்டாதீர்கள்; தொட்டிக்குள் இருக்கும் கொக்கிதான் அதற்கு.