பொது நிதியியலைப் படிப்பது எப்படி?

அரசின் வரி, செலவு, கடன் ஆகியவற்றை ஆராயும் பொது நிதியியல் பாடத்தைக் கையில் எடுத்தவுடன் பலரும் நேர்முக வரி, மறைமுக வரி, வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்று வரையறைகளை வரிசையாக மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வுக்கு அது ஓரளவு உதவும். ஆனால் ஒரு வரியை உயர்த்தலாமா, ஒரு மானியத்தை நிறுத்தலாமா என்ற கேள்வி எழும்போது அந்த வரையறைகள் கைகொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு பாடம் முழுவதையும் படித்துச் செல்லுங்கள்: அரசு இதைச் செய்வதால் கடைசியில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?

முதலில், அரசு பொருளாதாரத்தில் தலையிடுவதற்கான காரணங்களைப் படியுங்கள். பொருளாதார அறிஞர் ரிச்சர்டு மஸ்கிரேவ் 1959இல் அரசின் பணிகளை வள ஒதுக்கீடு, வருமானப் பகிர்வு, பொருளாதார நிலைப்படுத்தல் என மூன்றாகப் பிரித்தார். இந்தப் பிரிவினையை எழுதி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. கண்ணில் படும் ஒவ்வொரு அரசுத் திட்டமும் இவற்றில் எதில் சேரும் என்று கேட்டுப் பாருங்கள். வேலையிழந்தோருக்கு வழங்கப்படும் உதவித்தொகை பகிர்வுப் பணிதான். ஆனால் மந்தநிலையில் அந்தச் செலவு தானாகவே உயர்ந்து மக்களின் வாங்கும் சக்தியைத் தாங்கிப் பிடிப்பதால் அது நிலைப்படுத்தும் பணியையும் செய்கிறது. இப்படி இரண்டு இடங்களில் பொருந்தும் திட்டங்களே பாடத்தை நன்றாக விளக்குகின்றன.

அடுத்து வரும் பொதுப் பண்டங்கள் என்ற பகுதியில் மாணவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுகிறார்கள். அரசு வழங்குவதெல்லாம் பொதுப் பண்டம் அன்று. பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1954இல் வகுத்துக் கொடுத்த இலக்கணத்தின்படி, ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் கிடைக்கும் அளவு குறையாத பண்டமே பொதுப் பண்டம். பணம் கொடுக்காதவரை விலக்கிவைக்க முடியாமை என்ற பண்பையும் இன்றைய பாடநூல்கள் இதனோடு சேர்த்தே கற்பிக்கின்றன. நாட்டின் பாதுகாப்பு இந்த இரண்டுக்கும் பொருந்தும். பள்ளிக்கல்வி பொருந்தாது; ஒரு குழந்தையைச் சேர்க்க மறுக்க முடியும், வகுப்பறையில் இடமும் தீர்ந்துபோகும். அப்படியிருந்தும் அரசு கல்விக்குச் செலவிடுவதற்கு நன்மை தரும் புறவிளைவுகளும் (ஒருவரின் செயலால் அதில் சம்பந்தமில்லாத மற்றவர்களுக்கு ஏற்படும் விளைவுகள்) சம வாய்ப்பும் காரணங்களாக அமைகின்றன. புறவிளைவுகளைப் படிக்கும்போது, தீங்கு தரும் புறவிளைவை வரி விதித்துச் சரிசெய்யலாம் என்ற பொருளாதார அறிஞர் பிகுவின் வாதத்தையும், உரிமை தெளிவாக இருந்து பேரம் பேசும் செலவு மிகக் குறைவாக இருந்தால் சம்பந்தப்பட்டவர்களே தீர்த்துக்கொள்ள முடியும் என்ற மற்றொரு பொருளாதார அறிஞரான கோஸின் 1960ஆம் ஆண்டு வாதத்தையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள்.

வரிச்சுமைதான், அதாவது ஒரு வரியை உண்மையில் யார் சுமக்கிறார் என்பதுதான், இந்தப் பாடத்தின் இதயம் என்பேன். இதைப் படிக்கும்போது தாளும் பேனாவும் கட்டாயம் வேண்டும். ஒரு பொருளின் தேவை அளவு 120லிருந்து விலையைக் கழித்தால் கிடைப்பது என்றும், அளிப்பு அளவு விலையைப் போல் இரண்டு மடங்கு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தேவையும் அளிப்பும் சமமாகும் சமநிலை விலை 40, விற்பனை 80. இப்போது ஒவ்வோர் அலகுக்கும் 15 வரியை விற்பவரிடம் விதியுங்கள். வாங்குபவர் தரும் விலை 50 ஆகிறது, விற்பவர் கையில் 35 நிற்கிறது, விற்பனை 70 ஆகக் குறைகிறது. சட்டப்படி வரி கட்டுபவர் விற்பவரே ஆயினும் 15இல் 10ஐச் சுமப்பவர் வாங்குபவர். அதே வரியை வாங்குபவரிடம் விதித்து மீண்டும் கணக்கிட்டால், விடை இம்மியும் மாறாது. விலை மாற்றத்துக்கு ஏற்பத் தன் அளவைக் குறைத்துக்கொள்ள இயலாத தரப்பே அதிகம் சுமக்கிறது. சட்டம் யார் பெயரைக் குறிக்கிறது என்பது இதை முடிவு செய்வதில்லை.

அதே கணக்கில் வரியை 30 ஆக்குங்கள். வருவாய் 1,050லிருந்து 1,800 ஆகிறது, இரட்டிப்பாகவில்லை. ஆனால் நடக்காமல் போன வணிகத்தால் யாருக்கும் கிடைக்காமல் வீணாகும் நலன் 75லிருந்து 300 ஆகிறது, அதாவது நான்கு மடங்கு. ஒரே பொருளின் மீது கடும் வரி விதிப்பதைவிடப் பல பொருள்களின் மீது குறைந்த வீதத்தில் விதிக்கலாம் என்ற ஆலோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. இதைக் கைப்படப் போட்டுப் பார்த்த பிறகு, சமத்துவம், உறுதித்தன்மை, வசதி, சிக்கனம் என்று ஆடம் ஸ்மித் 1776இல் சொன்ன நான்கு வரி விதிகளைப் படியுங்கள். அப்போது அவை வெறும் பட்டியலாகத் தோன்றாது.

பற்றாக்குறைகளையும் எண்களைக் கொண்டே பிரித்தறியலாம். கடன் நீங்கலான வரவு 800, மொத்தச் செலவு 1,000 என்றால் நிதிப் பற்றாக்குறை 200. அந்தச் செலவில் பழைய கடனுக்கான வட்டி 150 என்றால், அதைக் கழித்த பின் எஞ்சும் முதன்மைப் பற்றாக்குறை 50 மட்டுமே. ஆகவே இந்த ஆண்டின் கடனில் பெரும்பகுதி, முந்தைய ஆண்டுகளின் கடனுக்கு வட்டி கட்டவே வாங்கப்படுகிறது என்பது புரியும்.

இவ்வளவும் கைவந்த பிறகு ஏதேனும் ஓர் அரசின் வரவு செலவுத் திட்ட ஆவணத்தைத் திறந்து, உரையை ஒதுக்கிவிட்டு அட்டவணைகளை மட்டும் படியுங்கள். முதலில் வட்டிச் செலவு மொத்த வரவில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். பிறகு ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அதை இறுதியில் யார் சுமப்பார்கள் என்று மேலே கண்ட முறையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.