ஏழு மணிக்கு எங்கே போவது?

சிங்கப்பூரில் 2015 சட்டப்படி இரவு 10.30க்கு மேல் கடையில் மது வாங்க முடியாது. எனக்கு அதனால் பயனில்லை. வேலை முடிந்து எம்ஆர்டி ரயில் ஏறும் நேரம்தான் குடிக்கக் கை அரிக்கும். அதனால் குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவின் கூட்டப் பட்டியலில் அந்த நேரத்துக் கூட்டங்களை மட்டும் குறித்துக்கொண்டேன்.

பட்டியலில் ‘ஓப்பன்’, ‘குளோஸ்டு’ என்று இருக்கும். ஓப்பனுக்கு யாரும் வரலாம், என் மனைவியும் வந்தாள். குளோஸ்டு, குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஐசி (அடையாள அட்டை) கேட்கவில்லை, கட்டணம் இல்லை; உண்டியல் சுற்றி வரும், போடாவிட்டாலும் ஒன்றுமில்லை. பேசியே ஆகவேண்டும் என்றும் இல்லை. நான் முதலில் கோப்பியோடு ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். என் ஆங்கிலம் தடுமாறியபோது யாரும் சிரிக்கவில்லை.

உண்மையில் உதவியது கூட்டம் முடிந்தபின் கிடைத்த தொலைபேசி எண்கள். ஆசை எழும்போது அழைத்துவிடுவேன்.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். மனநலக் கழக மருத்துவமனையில் போதைப்பழக்கச் சிகிச்சைக்கென்றே பிரிவு உண்டு. வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம். மனைவி இப்போது அங்கே போகிறாள், என்னைக் கேட்காமலே.